வரிசையா 7 தோல்வி... ஹாக்கி கோச் ஃபுல்டனை மாற்ற வேண்டுமா?

புரோ லீக் ஆட ஐரோப்பா போன இந்திய ஆண்கள் ஹாக்கி அணி, நெதர்லாந்து, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் என வரிசையாக 7 மேட்ச்களில் தோற்றது. 2025 ஜூன் 22-ம் தேதி கடைசி மேட்ச்சில் பெல்ஜியத்தை 4-3 என ஜெயித்ததால், 8-க்கு 8 தோல்வி என்ற அவமானத்தில் இருந்து தப்பியது. பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அப்போ கோச் கிரெய்க் ஃபுல்டனை மாத்திடலாமா? இந்த டூரைப் பார்த்தவர்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்.

ஸ்கோர் என்ன சொல்லுது?

1-2, 2-3, 3-4, 1-2, 2-3, 2-3. முதல் ஆறு தோல்விகள் இவை. கவனிச்சீங்களா? ஆறுமே ஒரே ஒரு கோல் வித்தியாசம்தான். ஆஸ்திரேலியாவுடனான முதல் மேட்ச்சில் 2-0 என முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசியில் கோட்டைவிட்டார்கள். ஏழாவது மேட்ச்சில் பெல்ஜியத்திடம் 3-6 என வாங்கியதுதான் நிஜமான அடி.

நூலிழையில் தோற்ற அணி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனா பாயின்ட் டேபிள் அதையெல்லாம் கேட்காது. பிப்ரவரியில் புவனேஸ்வரில் ஆடிய 8 மேட்ச்களில் 5 வெற்றி, 15 புள்ளிகள். ஐரோப்பாவில் ஆடிய 8 மேட்ச்களில் வெறும் 3 புள்ளிகள். ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். நமக்குக் கீழே இருந்த அயர்லாந்து, லீக்கை விட்டே வெளியே போனது.

தப்பு கோச் மேலயா?

ஒரு பங்கு கண்டிப்பாக அவர் மேல்தான். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஃபுல்டனின் கொள்கையே, முதலில் தடுப்பாட்டத்தைப் பலப்படுத்து, ஜெயிப்பது தானாக வரும் என்பதுதான். அந்தக் கொள்கையோடு வந்தவரின் அணி, இந்த 8 மேட்ச்களில் வாங்கிய கோல்கள் 26. மேட்ச்சுக்கு மூன்றுக்கும் மேல! எதிரணி பலமானது என்பது பதில் ஆகாது. பாரிஸில் இதே ஆஸ்திரேலியாவை 3-2 என ஜெயித்தோம். 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் அவர்களை நாம் வீழ்த்தியது அதுதான் முதல் முறை.

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் கோல் போஸ்ட்டில் இருக்கிறது. பாரிஸோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி ஐந்து நிமிஷத்தில் பின்னாடி இருந்து கத்திக் கத்தியே டிஃபென்ஸை நிறுத்தி வைத்த ஆள் அவர். அந்த இடம் அப்போது நிரம்பியிருக்கவில்லை. இன்னொன்று, பெனால்டி கார்னர். பாரிஸில் கேப்டன் ஹர்மன்ப்ரீத் மட்டும் 10 கோல் அடித்தார். இந்த டூரில் காயத்தால் அவர் சில மேட்ச்கள் ஆடாதபோது, அந்த வேலையை அப்படியே தூக்கிச் சுமக்க இன்னொருவர் இல்லை. ஸ்ரீஜேஷ் போனதற்கு ஃபுல்டன் காரணமில்லை. ஆனா ஹர்மன்ப்ரீத்துக்கு மாற்று ஆளைத் தயார் செய்வது அவருடைய வேலைதானே?

கோச்சை மாற்றிப் பழகிய கதை

2013 ஜூலையில் மைக்கேல் நாப்ஸ் போனார். 2014-ல் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்த கையோடு டெர்ரி வால்ஷ் விலகினார். அடுத்து வந்த பால் வான் ஆஸ் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. பிறகு ஓல்ட்மன்ஸ், மரைனே, ஹரேந்திர சிங். 2019 ஜனவரிக்குள் ஆறு பேர் வந்து போய்விட்டார்கள். மியூசிக்கல் சேர் ஆட்டம்தான்.

அதன் பிறகு வந்த கிரஹாம் ரீட், ஏறத்தாழ நான்கு வருஷம் இருந்தார். டோக்கியோவில் 41 வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது அவர் காலத்தில்தான்.

இதை வைத்து 'கோச்சை மாற்றவே கூடாது' என்று சொல்லிவிட முடியாது. சொந்த மண்ணில் நடந்த 2023 உலகக் கோப்பையில் சறுக்கியதும் ரீட் ராஜினாமா செய்தார். ஃபுல்டன் வந்தார். அதே வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். சென்னை எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல் ஞாபகம் இருக்கா? பாதி ஆட்டத்தில் 1-3 எனப் பின்தங்கி, மலேசியாவை 4-3 என ஜெயித்தார்களே, அதுவும் இவருடைய அணிதான். அப்போ அந்த மாற்றம் சரியாகத்தான் அமைந்தது. ஒரு பெரிய தொடர் முடிந்த பிறகு, அடுத்ததற்கு நேரம் இருக்கும்போது நடந்த மாற்றம் அது.

இந்த டூருக்குப் பிறகு அந்த நேரம் இருந்ததா?

இல்லை. 2025 ஆகஸ்ட் இறுதியில் பிகாரின் ராஜ்கிரில் ஆசியக் கோப்பை தொடங்க இருந்தது. அதில் ஜெயித்தால் 2026 உலகக் கோப்பைக்கு நேரடி டிக்கெட் என்ற நிலை. தோற்றால் தகுதிச்சுற்றில் போய் நிற்க வேண்டியிருந்திருக்கும். இரண்டு மாதத்தில் புது கோச் வந்து வீரர்களின் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் தொடரே முடிந்திருக்கும்.

அதனால் ஆசியக் கோப்பை வரை ஃபுல்டன் இருக்கட்டும் என்பதே சரியாகப் பட்டது. ஆனா அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பினால் போதாது. கடைசி குவார்ட்டரில் ஏன் கோட்டைவிடுகிறோம், கோல் கீப்பர் யார், ஹர்மன்ப்ரீத் இல்லாத நாளில் பெனால்டி கார்னரை அடிக்கப்போவது யார் என்று ஹாக்கி இந்தியா அவரை உட்கார வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. ராஜ்கிரில் கோப்பை கைநழுவியிருந்தால், தலைப்பில் இருக்கும் கேள்வியை மறுநாளே திரும்பக் கேட்டிருக்கலாம். அப்போது பதில் வேறாக இருந்திருக்கும்.