லிட்டர் பக்தர்களுக்கு ஒரு வார்த்தை

கம்ப்யூட்டரை அடைத்து வைக்கும் ஒரு தகரப் பெட்டியைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு என்ன அபிப்பிராயம் இருக்க முடியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போன பங்குனியில் கேட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது எனக்கு அபிப்பிராயம் இருக்கிறது. அது கொஞ்சம் காரமாகவே இருக்கிறது.

என் தங்கை மகன் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் உத்தியோகம் பார்க்கிறான். செங்கற்பட்டில், ரயில் நிலையத்துக்குச் சமீபமாக, ஒற்றை அறையில் வாசம். சனிக்கிழமைதோறும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, மாமல்லபுரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே பள்ளிக்கூடம் படிக்கும் தம்பி ஒருவன், அண்ணனும் கம்ப்யூட்டரும் எப்போது வருவார்கள் என்று வாசலிலேயே நிற்பான். இருவரும் சேர்ந்து விளையாடுவது வாரத்தில் அந்த ஒன்றரை நாள்தான்.

"லாப்டாப் வாங்கித் தொலைக்கக் கூடாதாடா?" என்று கேட்டேன்.

"லாப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டால் லாப்டாப்பையே தலை முழுக வேண்டும், மாமா. இதில் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேபினெட்டைப் பாருங்கள், வெறும் ஏழு லிட்டர்தான்!"

"ஏழு லிட்டரா? பாலா, மண்ணெண்ணெயா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்திமானிடம் சுவாமியைப் பற்றிப் பரிகாசம் செய்தால் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்த்தான். உலகம் முழுவதும் இப்படி ஒரு கோஷ்டி இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2001ஆம் ஆண்டில் வியா என்னும் கம்பெனி, பதினேழு சென்டிமீட்டர் சதுரத்தில் 'மினி ஐடிஎக்ஸ்' என்ற சின்ன மதர்போர்டை வெளியிட்டது. அதற்குத் தகுந்த பெட்டியை எத்தனை லிட்டருக்குள் அடக்கலாம் என்பதில் பெரிய போட்டியே நடக்கிறது. பதினெட்டு லிட்டர்க்காரனை ஏழு லிட்டர்க்காரன் இளப்பமாகப் பார்ப்பான். ஏழு லிட்டர்க்காரனை நாலு லிட்டர்க்காரன் பார்ப்பான். அந்த நாலு லிட்டர்ப் பெட்டிகள் சிலவற்றில் பவர் சப்ளை உள்ளே இராது. தனிச் செங்கல்லாக வெளியே தொங்கும். பிரயாணி வண்டிக்குள் ஏறிவிட்டான், மூட்டைதான் பிளாட்பாரத்தில் கிடக்கிறது என்கிற கதைதான்!

என் மருமகன் பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்து அந்த ஏழு லிட்டரை வாங்கினான். கம்பெனியின் பெயர் வேண்டாம். சித்திரை பிறந்தது. மாமல்லபுரத்து வீட்டில் மின்விசிறி உண்டு, ஏ.சி. கிடையாது. விளையாட ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் படம் தத்தித் தத்தி நடக்கும். அரை மணியில் கம்ப்யூட்டர் தானே கண்ணை மூடிக்கொள்ளும். அந்த விடுமுறை முழுவதும் அண்ணனும் தம்பியும் விளையாடிய நேரத்தைவிட, பெட்டியைத் திறந்து வைத்து விசிறியால் விசிறிய நேரமே அதிகம். மழைக்காலம் போன பிறகு பார்த்தால் திருகாணிகளில் துரு. ஒரு சனிக்கிழமை, பஸ் குலுங்கிய குலுக்கலில் பக்கவாட்டுக் கண்ணாடி பொடிப் பொடியாக உதிர்ந்தது.

பையன் தன்னையே நொந்துகொண்டான். "நான்தான் சரியாகப் பூட்டவில்லை, மாமா" என்றான். இதுதான் எனக்குக் கோபம் மூட்டியது. குற்றம் அவனுடையதல்ல. ஊரையும் வெயிலையும் காற்றையும் கேட்காமல், லிட்டரை மட்டும் கேட்டுப் பெட்டி வாங்கச் சொன்ன அந்தப் பக்தியினுடையது.

வெயிலைப் பாருங்கள். இந்தப் பெட்டிகளைச் சோதித்துப் புகழ்கிறவர்கள் பொதுவாக இருபது, இருபத்தைந்து டிகிரி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். எந்த விசிறியாலும் அறையின் சூட்டுக்குக் கீழே பிராசஸரைக் குளிர வைக்க முடியாது. அங்கே 22 டிகிரி அறையில் 80 காட்டுகிற பிராசஸர், நம் வீட்டு 36 டிகிரியில் ஏறக்குறைய 94 காட்டும். 95, 100 என்று எட்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். உள்ளே வைக்கிற சாமானோ கொழுத்துக்கொண்டே போகிறது. 2022இல் வந்த 4090 என்ற கார்டு மட்டும் 450 வாட் தின்னும். அதைச் சின்னப் பெட்டிக்குள் திணிப்பது, அடுப்பை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதற்குச் சமானம்.

அடுத்தது உப்பு. கடற்கரைக் கோயிலை ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லில் எழுப்பினான். அதன் புறச்சுவர்ச் சிற்பங்களை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூக்கும் முழியும் கரைந்து போயிருக்கின்றன. கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே பாறைகளைக் கொட்டி, சவுக்கு மரம் வைத்துக் காற்றைத் தடுக்க வேண்டியிருந்தது. கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால் தாமிரமும் தகடும் எம்மாத்திரம்? காற்றின் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால், படிந்த உப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு கரைய ஆரம்பிக்கும். நம் கடற்கரையில் விடியற்காலை ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டுவது சர்வ சாதாரணம். பிராசஸருக்குத் தெரியாத வேலையையெல்லாம் உப்புத் தண்ணீர் செய்யும்.

"சின்னதாக இருப்பது குற்றமா?" என்று லிட்டர் பக்தர்கள் சண்டைக்கு வரலாம். இல்லவே இல்லை. ஐந்து ரதங்களில் மிகச் சிறியது திரௌபதி ரதம்; குடிசை மாதிரி இருக்கும். அதைவிட அழகானது அங்கே எது என்று என்னைக் கேட்டால் விழிப்பேன். ஆனால் அந்தச் சிற்பி அளவை நிச்சயிக்கும் முன்பு, கையிலிருந்த பாறை எப்படிப்பட்டது என்று பார்த்தான். நீங்கள் பார்ப்பது விளம்பரத்தை.

வேறொரு கோஷ்டியும் உண்டு. "விளையாட்டுக்கு ஒரு பெட்டியா? அதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கிற பெரியவர்கள். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் இதே மாமல்லபுரத்தில் நடந்தபோது, விளையாட்டு கௌரவமான காரியம் என்று மேடை போட்டுப் பேசியது நாம்தானே? மருமகன் திருடவில்லை, கடன் வாங்கவில்லை. சம்பாதித்த காசில் தம்பியோடு சிரிக்க ஆசைப்பட்டான். அந்தக் காசுக்கு உழைக்கிற பெட்டி வேண்டும் என்று கேட்பது அற்ப விஷயம் அல்ல.

அப்படியானால் எதை வாங்குவது? இவ்வளவு பட்ட பிறகு எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போன அபிப்பிராயம் இது. பதினைந்து முதல் பதினெட்டு லிட்டர். எஸ்எஃப்எக்ஸ் என்கிற சிறிய பவர் சப்ளை போதும். நான்கு பக்கமும் கண்ணாடியே இல்லாத துளைத் தகடு. கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை. கெட்டியாகப் பெயிண்ட் அடித்த இரும்பு. மேலே ஒரு கைப்பிடி. எடுத்துச் செல்கிற பெட்டி என்று சொல்லிவிட்டுக் கைப்பிடி வைக்காதவர்களை என்னவென்று சொல்வது? உள்ளே 115 வாட்டிலோ 200 வாட்டிலோ அடங்குகிற கார்டு. 65 வாட் பிராசஸர். பஸ் ஏறுமுன் கார்டைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வைப்பது. கடலைப் பார்த்த ஜன்னலின் பக்கத்தில் பெட்டியை வைக்காமல் இருப்பது. அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் பாக்கி இருக்கிறது. இத்தனை லட்சணமும் பொருந்திய பெட்டியை, இந்த வெயிலையும் உப்பையும் மனத்தில் வைத்து ஏன் நாமே செய்யக் கூடாது? மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் தகடு வளைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமா? பையன் வேலைக்குப் போகிற அதே வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் ஜெர்மன் கார்களையே பூட்டி அனுப்புகிறார்கள். காருக்குக் கதவு மாட்டத் தெரிந்த ஊருக்கு, ஒரு சாண் அகலப் பெட்டிக்குக் கைப்பிடி மாட்டத் தெரியாதா? தெரியும். கேட்பார் இல்லை. நாம் லிட்டரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மருமகன் அடுத்த பெட்டிக்காகக் காசு சேர்க்கிறான். இந்த முறை கடைக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டிருக்கிறான். கடைக்காரர் லிட்டரைச் சொல்ல ஆரம்பித்தால், "ஐயா, சித்திரை மாதத்தில் மாமல்லபுரத்துக்கு வந்திருக்கிறீர்களா?" என்று நான் கேட்பதாக ஏற்பாடு.