பட்டம் வாங்கியாகிவிட்டது, வாசல் திறக்கவில்லையே!



"படித்தால் முன்னேறலாம்" என்று சொல்லித்தான் நம் பிள்ளைகளை வளர்த்தோம். அவர்களும் பி.டி.பி.டி.என். கடன் வாங்கி, கணினித் துறையில் பட்டம் பெற்றார்கள். கடனைக் கட்டச் சொல்லிக் கடிதம் வருகிறது. வேலைக்குக் கூப்பிடும் கடிதம்தான் வரவில்லை!

கோலாலம்பூர், சைபர்ஜெயா வேலை விளம்பரங்களைப் பாருங்கள். 'மாண்டரின் தெரிந்தவருக்கு முன்னுரிமை' என்று போடுகிறார்கள். சீன வாடிக்கையாளரிடம் பேசும் வேலையென்றால் சரி. கணினிக்கு நிரல் எழுதுபவருக்கு மாண்டரின் எதற்கு?

இது வெறும் புலம்பல் அல்ல. லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு ஆய்வாளர்கள் மலாய், சீனப் பெயர்களில் கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சீனப் பெயர்களுக்கே மிக அதிகமாக அழைப்பு வந்ததாக 2016-இல் வெளியிட்டார்கள். பெரும்பான்மை இனத்தவருக்கே தனியாரிடம் இந்த நிலை. அரசாங்க வேலையிலும் இடம் கிடைக்காத நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

சீனச் சமூகத்தோடு நமக்குச் சண்டை இல்லை. பெயரைப் பார்த்து ஆள் எடுக்கும் முறையோடுதான் சண்டை.

மேலே வந்த நம்மவர் சிலரைக் காட்டி, "திறமை இருந்தால் வரலாம்" என்பார்கள். ஆங்கிலம் பேசும் வீடும் ஆள் பழக்கமும் உள்ளவருக்கு வழி எளிது. லாரி ஓட்டுநரின் மகளுக்கு? ஆலோசனை நிறுவனங்களில் புதிய பட்டதாரியாக நுழைந்தவர்களே பின்னாளில் மேலாளராகவும் பங்குதாரராகவும் உயர்கிறார்கள். இன்று வாசலில் நிறுத்தப்பட்டவர் 15 ஆண்டு கழித்துத் தலைமை நாற்காலியில் எப்படி இருப்பார்?

சட்டம் என்ன செய்கிறது? அரசமைப்பின் 8(2) பிரிவு அரசுத் துறை வேலைகளில்தான் பாகுபாட்டைத் தடுக்கிறது. அரசமைப்பு உரிமைகள் தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தா என்று பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, பாகுபாடு பற்றித் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். ஆனால், அது வேலையில் இருப்பவருக்கு. வேலை தேடுபவரைப் பற்றி அந்தத் திருத்தம் பேசவே இல்லை! சிங்கப்பூர் 2025-இல் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டம், ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நாம் செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, தொழிற்பயிற்சியைச் சடங்காக நினைக்காதீர்கள். அதுதான் முதல் நேர்முகத் தேர்வு. நல்ல நிறுவனத்தை இறுதியாண்டுக்கு முன்பே தேடச் சொல்லுங்கள்.

இரண்டு, விளம்பரம், விண்ணப்பம், தேதி, பதில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆதாரம் இல்லாத வேதனையை யாரும் கேட்பதில்லை.

மூன்று, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்: "வேலை தேடுபவருக்கும் பாதுகாப்புத் தரும் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பீர்களா?"

2007 நவம்பர் 25-இல் வீதிக்கு வந்த சமூகம் இது. அரிசி மூட்டைக்கும் அன்பளிப்புக்கும் அடங்கிவிட வேண்டாம். நாம் கேட்பது சலுகை அல்ல. நம் பிள்ளையின் விண்ணப்பத்தையும் பிரித்துப் படியுங்கள் என்கிற நியாயம்!