சோற்றுக்காக மாறினார்களா?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ரோமப் பேரரசில் வாழ்ந்த செல்சஸ் என்ற அறிஞர் கிறிஸ்தவர்களைச் சாடி ஒரு நூல் எழுதினார். நூல் அழிந்துவிட்டது. மறுப்பு எழுதிய ஒரிஜென் எடுத்துக்காட்டிய பகுதிகள்தான் மிச்சம். அதில் ஒரு புகார் உண்டு: கம்பளி வேலை செய்கிறவனும் செருப்புத் தைக்கிறவனும் துணி வெளுக்கிறவனும் வீட்டுக்குள் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டி வைத்துப் போதிக்கிறார்கள், படித்த எஜமானர் எதிரே வந்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆரணி புத்திர காமேட்டீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவன். ஆனால் பட்டுத் தறிக் குடும்பத்தில் பிறந்தவன். அதனால் அந்தப் புகாரைப் படித்தபோது கோபம் வந்தது.

குழித்தறியில் உட்கார்ந்தவனுக்குக் கையும் காலும் ஓயாது. வாய்க்கும் காதுக்கும் தடையில்லை. விடிகாலையில் தெருவில் பாவு நீட்டும்போது நாலு வீட்டு ஆட்கள் கூடுவார்கள். கூலிப் பிரச்சினையோ கல்யாணப் பேச்சோ சாமி விஷயமோ, எல்லாம் அங்கேதான் பரவும். கிறிஸ்தவமும் அப்படித்தான் பரவியது. அதை ஊர் ஊராகப் பரப்பிய பவுல் கூடாரம் செய்கிற தொழிலாளி. கொரிந்து நகரில் அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கி வேலை பார்த்தார். பிலிப்பி நகரில் அவர் பேச்சைக் கேட்டு வீட்டைத் திறந்துவிட்ட லீதியாள், விலையுயர்ந்த செஞ்சாயத் துணி விற்ற பெண்.

கான்ஸ்டன்டைன் என்ற மன்னரால் கிறிஸ்தவம் வளர்ந்தது என்றே நாம் படித்தோம். 313இல் வழிபாட்டு உரிமை வந்தது. 380இல் பேரரசர் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கினார். ஆனால் 112 வாக்கிலேயே, இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, இது நகரங்களைத் தாண்டி கிராமங்களுக்கும் போய்விட்டதே என்று பேரரசர் டிராஜனுக்குக் கவலையோடு எழுதுகிறார். கிறிஸ்தவரா என்று மூன்று முறை கேட்பார். ஆமாம் என்றே நிற்பவர்களைக் கொல்ல அனுப்பிவிடுவார். விவரம் கறக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள் அவர்கள். உயிருக்கே ஆபத்தான இடத்துக்கு யாரும் சோற்றுக்காகப் போகமாட்டார்கள்.

சோறும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. 251ஐ ஒட்டி ரோமாபுரிச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரித்ததாக ஆயர் கொர்னேலியுஸ் எழுதியிருக்கிறார். நூறாண்டு கழித்து, கிறிஸ்தவத்தை ஒடுக்க நினைத்த பேரரசர் ஜூலியனே, அவர்கள் நம் ஏழைகளுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறார்களே என்று ஆற்றாமைப்பட்டார்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷனுக்கு ஆரணியும் ஒரு நிலையம். வேலூர், ராணிப்பேட்டை வட்டாரமெங்கும் அவர்களிடம் போனவர்களில் பெரும்பாலோர் சேரிகளில் இருந்தவர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் தமிழ்நாட்டின் பல மிஷன்களில் மக்கள் திரளாகச் சேர்ந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்களைத்தான் இன்றும் டீக்கடையில் 'சோற்றுக்கு மாறினவங்க' என்கிறார்கள். பஞ்சத்தில் சோறு போட்டவன் பக்கம் சாய்வது இழிவா? ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவனுக்குப் பள்ளியில் பெஞ்சு கிடைத்தால், அதை எடைபோடுகிற புத்தி அவனுக்கு இல்லையா? ஏழை எடுக்கிற முடிவை முடிவாகவே மதிக்காத பழக்கம் செல்சஸ் காலத்திலிருந்து வருகிறது.

சாதி சபைக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைகூடத் தனித்தனி. ரோமிலும் கிறிஸ்தவ எஜமானர்கள் அடிமைகளை வைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். இதைச் சபைகள் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஆதாயத்துக்காக மாறினார்கள் என்பவர்கள் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையைப் படிக்கட்டும். தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். சலுகை போகும் என்று தெரிந்தே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்களிடம் ஆதாயக் கணக்குப் பேசுவது அநியாயம். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கு அந்த உரிமையைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு அதை நிறைவேற்ற வேண்டும்.