திகன அதிர்வும் நாம் போடாத கணக்கும்

2020 ஓகஸ்ட் 29இல் திகன பக்கம் நிலம் அதிர்ந்தபோது நாம் கேட்டது ஒரே கேள்விதான்: விக்டோரியா அணைக்கு ஆபத்தா? சுண்ணாம்புக்கல் வெடி என்றோம், நீர்த்தேக்கம் என்றோம். ஆளுக்கொரு காரணம். ஆனால் அதிர்வு எங்கே, எத்தனை ஆழத்தில் தொடங்கியது என்று தெரியாமல் காரணம் பேசிப் பயனென்ன?

அந்த இடத்தைக் கருவி நேரே காட்டாது. பீ அலை முந்தி வரும், எஸ் அலை பிந்தி வரும். இடைவெளி 10 செக்கன் என்று வைப்போம். பாறையில் பீ அலை செக்கனுக்கு 6 கிலோமீற்றர், எஸ் அலை 3.5 கிலோமீற்றர் ஓடினால் தூரம் 84 கிலோமீற்றர். வேகம் 6.5, 3.75 என்றால் ஏறத்தாழ 89. கருவி பிழைக்கவில்லை; நாம் ஊகித்த வேகம்தான் மாறியது. அந்த 5 கிலோமீற்றர், அணைக்கு அடியிலா அடுத்த ஊரிலா என்ற வித்தியாசம்.

உலகச் சராசரி வேகம் நமது பழம்பாறைக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே கருவி பூட்டினால் மட்டும் போதாது, நம் நிலத்தின் வேகத்தையும் அளக்க வேண்டும். கல்லுடைக்கும் வெடிகளின் இடத்தையும் நேரத்தையும் சரியாகப் பதிந்தால் அவையே அளவுகோலாகும்.

இது 11ஆந் தரப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. அடுத்த வதந்தியைப் பகிர முன் நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.