முதலில் அறையை அளக்கச் சொல்லுங்கள்

ஹோம் தியேட்டர் விளம்பரங்களில் விலைக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘இன்ஸ்டலேஷன் இலவசம்’. வாங்குபவருக்கு இனிக்கும் அந்த வரியில்தான் இந்த வியாபாரத்தின் கோளாறு தொடங்குகிறது என்பது என் கட்சி. மாட்டுவதற்குத் தனிக் கூலி இல்லையென்றால் அந்தப் பணம் பெட்டிகளின் லாபத்திலிருந்து வந்தாக வேண்டும். அப்போது நிறுவனத்தின் அக்கறை இன்னும் இரண்டு பெட்டி கூடுதலாகத் தள்ளிவிடுவதில் இருக்குமே தவிர, அறைக்குள் ஒலி எப்படி விழுகிறது என்று பார்க்க ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்பதில் இருக்காது. லட்சக்கணக்கில் செலவழித்த பிறகும், வசனம் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டுவதும் சண்டைக் காட்சி வந்ததும் பதறிக் குறைப்பதுமாக ரிமோட்டைக் கீழே வைக்க முடியாமல் படம் பார்க்கும் வீடுகள் பல. அங்கெல்லாம் குற்றவாளி ஸ்பீக்கராக இருப்பது அபூர்வம்; அதை மாட்டிய அறையை யாரும் அளக்கவில்லை. ஆகவே, நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த பிராண்ட் விற்கிறார்கள், எவ்வளவு தள்ளுபடி தருகிறார்கள் என்பதற்கு முன்பாக, அறையை அளந்து வரைபடம் போடத் தனிக் கட்டணம் கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கேட்டால் அது நல்ல அறிகுறி.

அறைக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்பதற்கு விடை 1895-லேயே கிடைத்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில், பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. இயற்பியல் துறையில் இளம் ஆசிரியராக இருந்த வாலஸ் சபைனிடம் அதைச் சரிசெய்யும் வேலை வந்தது. ஊர் அடங்கிய நள்ளிரவுகளில், சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பி, ஓர் ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் அளந்தார். காலிக் கூடத்தில் ஐந்தரை நொடி ஆனது. முதல் சொல் அடங்குவதற்குள் பத்துச் சொற்கள் அதன் மேல் வந்து விழுந்தால் எந்தக் குரல்தான் புரியும்? அறையின் கொள்ளளவும், அதற்குள் ஒலியை உறிஞ்சும் பொருள்களின் அளவும் சேர்ந்துதான் இந்த எதிர்முழக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்ற அவருடைய சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதை நம் ஊர் அறைக்குப் போட்டுப் பாருங்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். பூசிய செங்கல் சுவர், காங்கிரீட் கூரை, பளபளக்கும் டைல்ஸ் தரை. காலியாக இருந்தால் ஒலி அடங்க ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். கனமான திரைச்சீலை, துணி சோபா, தரை விரிப்பு, பக்கச் சுவர்களில் ஒலி உறிஞ்சும் பலகை என்று வந்தால் அது அரை நொடிக்குள் அடங்கும். வசனம் தெளிவாக வேண்டும் என்பவர் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஆனால் திரைச்சீலையில் கடைக்காரருக்குக் கமிஷன் கிடையாது.

அதே அறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 344 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும் ஒலியில் சில அலைவரிசைகள் மட்டும் வீங்கி நிற்கும். 12 அடிக்கு அது 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். நம் வீடுகளில் அகலமும் உயரமும் பத்தடியாகவே அமைந்துவிடுவது சகஜம் என்பதால் 56-இல் இரண்டு வீக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். சப்வூஃபரில் எல்லாப் பாட்டும் ஒரே ‘தொம்’ஆகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோபாவை ஓர் அடி முன்னால் இழுத்தாலோ சப்வூஃபரை வேறு மூலைக்கு மாற்றினாலோ நிலைமை தலைகீழாக மாறக்கூடும். எந்த மூலை என்பதை மைக் வைத்து அளந்தவர்தான் சொல்ல முடியும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், வீட்டு அறைகளில் ஏறத்தாழ 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பதை ஸ்பீக்கரைவிட அறையே தீர்மானிக்கிறது என்று தொடர்ந்து எழுதிவந்தார். விலை கூடிய சப்வூஃபர் வாங்கினால் இந்தச் சங்கடம் தீராது. இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

சினிமாக்காரர்களும் இதே பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். ஒலிக்கலவைக் கூடத்தில் நுணுக்கமாகச் சேர்த்தது தியேட்டரில் போய்ச் சேரவில்லை என்று கண்ட ஜார்ஜ் லூகாஸின் நிறுவனம், 1983-இல் ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’ படத்தை ஒட்டி டிஎச்எக்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதை ஒரு ஒலிப்பதிவு முறை என்று நினைப்பவர்கள் பலர். பொறியாளர் டாம்லின்சன் ஹோல்மன் வகுத்த அந்த ஏற்பாடு, தியேட்டரின் பின்னணி இரைச்சல், எதிர்முழக்கம், ஸ்பீக்கர் அமைப்பு, திரையைப் பார்க்கும் கோணம் ஆகியவற்றைச் சோதித்துச் சான்று தருவது. கோடிக்கணக்கில் முதலீடு செய்த தியேட்டர்களுக்கே அறையைச் சோதிக்கும் ஆள் தேவைப்பட்டது.

வீட்டுச் சந்தை இதற்கு நேர்மாறாக எண்களின் பின்னால் ஓடுகிறது. டால்பி அட்மாஸ் 2012-இல் தியேட்டருக்கும் 2014-இல் வீட்டுக்கும் வந்த பிறகு 5.1 என்பது 5.1.2 ஆகி, 7.1.4 ஆகி, அதற்கு மேலும் வளர்ந்துவிட்டது. ஆனால் 12 அடி அறையில் சோபா பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும். ஏழு சேனல் அமைப்பின் பின்ஜோடி கேட்பவரின் முதுகுக்குப் பின்னால் தள்ளி இருக்க வேண்டியது. அதைச் சுவரில் காதருகே மாட்டினால் காசும் போயிற்று, காதும் போயிற்று. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐந்து சேனல் பரிந்துரையில் முன் ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 பாகையிலும், பக்க ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும். இதற்கே இடம் பிதுங்கும் அறைக்கு ஏழும் ஒன்பதும் விற்பவரை நிபுணர் என்று எப்படிச் சொல்வது? வாட் கணக்கு இதைவிட வேடிக்கை. பெட்டியில் ‘5000 வாட் பிஎம்பிஓ’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது செருகப்படும் 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட், 230 வோல்ட்டில் 1380 வாட்டுக்கு மேல் தொடர்ந்து தர முடியாது. உண்மையான வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான், கவனித்தால் தெரியும் அளவுக்கு.

ஆகவே, நல்ல நிறுவனத்தை அது சொல்லும் விலையைவிட அது கேட்கும் கேள்விகளில் அடையாளம் காணலாம். எத்தனை பேர் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள், கதவும் ஜன்னலும் எந்தப் பக்கம், அடுத்த வீட்டுச் சுவர் எது, எர்த்திங் சரியா என்றெல்லாம் கேட்காமல் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்புகிறவரிடம் அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடலாம். கருவிகள், கேபிள், கூலி, அளவீடு எல்லாம் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். சுவரை வெட்டிப் பைப் புதைக்கும் வேலையில்தான் அனுபவம் தெரியும்: வழக்கமான முக்கால் அங்குலப் பைப்பில் எச்டிஎம்ஐ கேபிளின் தலை நுழைவதே கஷ்டம், வளைவில் சிக்கிக்கொள்ளும். ஐந்தாண்டில் கேபிள் மாற வேண்டிவந்தால் பெயின்ட் அடித்த சுவரை மறுபடி உடைக்க வேண்டியதுதான். விவரம் தெரிந்தவர் பெரிய பைப் போட்டு, உள்ளே இழுப்புக் கம்பி ஒன்றை விட்டுவைப்பார்; கரண்ட் வயரை அதே பைப்பில் விடமாட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால், பெரிய சப்வூஃபர் வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று சொல்லி ஒரு விற்பனையையே விட்டுக்கொடுப்பார். 1989-இல் அமெரிக்காவில் தொடங்கிய செடியா என்ற தொழில் அமைப்பின் பயிற்சி பெற்றவர்கள் இருந்தால் நல்லது. ஆனாலும் சான்றிதழ் மட்டும் அறையை அளந்துவிடாது.

ரிசீவரிலேயே மைக் வருகிறது, பொத்தானை அழுத்தினால் தானே சரிசெய்துகொள்கிறது, பிறகு ஆள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மென்பொருள்கள் நல்லவைதாம். வீங்கிய அலைவரிசையைத் தட்டிக் குறைக்கும், ஸ்பீக்கர்களின் தூரத்தைச் சரியாகவே கணக்கிடும். ஆனால், இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்து உண்டாகும் பள்ளத்தை அவற்றால் நிரப்ப முடியாது. எவ்வளவு மின்சக்தி ஊற்றினாலும் அழிவும் அதே அளவு கூடும். டைல்ஸ் தரையின் எதிர்முழக்கத்தையும் மென்பொருள் குறைக்காது. நாற்காலியை நகர்த்துவதும் விரிப்பைப் போடுவதும் மனிதர் செய்ய வேண்டிய வேலை. அடுத்த ஆட்சேபணை பணம் பற்றியது: சிறு ஊர்களில் இப்படிப்பட்ட நிறுவனமே இல்லை, நடுத்தரக் குடும்பம் அளவீட்டுக்குத் தனியாக அழ முடியுமா என்பது. பட்ஜெட் சிறிதாக இருப்பவருக்குத்தான் என் வாதம் அதிகம் பொருந்தும் என்பேன். அவர் ஏழு ஸ்பீக்கருக்குப் பதிலாக நல்ல மூன்றோ ஐந்தோ வாங்கி, மிச்சத்தில் அறையைச் சரிசெய்து, பக்கத்து நகரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஆளை வரவழைக்கலாம். செலவே ஐம்பதாயிரத்துக்குள் என்றால் ஹோம் தியேட்டர் நிறுவனம் எதுவும் வேண்டாம். ஒழுங்கான சவுண்ட்பாரும் கனமான திரைச்சீலையும் போதும். இதைத் தயங்காமல் சொல்லி அனுப்பும் கடை கிடைத்தால், பெரிய வேலை வரும்போது அங்கேயே போகலாம்.

பணம் கொடுக்கும் முறையிலும் கண்டிப்பு வேண்டும். கடைசித் தவணையை, வேலை முடிந்ததும் என்று பொதுவாக எழுதாமல், உட்காரும் இடத்தில் எடுத்த அளவீட்டு வரைபடத்தைக் கையில் தந்த பிறகு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். கொஞ்சம் விலை குறையும் என்று பில் இல்லாமல் வாங்குவது, வாரண்டியோடு சேர்த்து இந்தப் பிடியையும் கைவிடுவதாகும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் வேறு ஊரில் இருந்தாலும் தம் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே போய் ‘சத்தம் சரியில்லை’ என்றால் எதிர்த்தரப்பு அது ரசனை சார்ந்தது என்று சொல்லிவிடும். ஒப்புக்கொண்ட அளவு என்ன, கொடுத்த அளவு என்ன என்று இரண்டு தாள் இருந்தால் அந்தப் பதில் எடுபடாது.