வீட்டுக் கல்வி என்பது வீட்டுக்குள் அடைபடுதல் அன்று



சென்ற ஆண்டு ஒருநாள், மஃரிபுத் தொழுகை முடிந்த பின் ஒரு தந்தை நம்மைத் தேடி மக்தபுக்கு வந்தார். அவருடைய மகள் அப்போதுதான் எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள். "ஹஜ்ரத், இனிமேல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே படிக்க வைத்துக்கொள்கிறோம். துஆ செய்யுங்கள்" என்றார். நாமும் துஆ செய்தோம், வேறெதுவும் கேட்கவில்லை. ஆறு மாதங்கள் கழித்து நம் வீட்டார் விசாரித்தபோது, புத்தகப் பை பரணில் இருப்பதாக அப்பிள்ளையின் தாயார் சொன்னார். அன்று கேட்காமல் விட்ட கேள்விக்கு நாமும் பொறுப்பாளி என்னும் எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

வீட்டில் கற்பித்தல் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. அலிஃப், பே சொல்லிக்கொடுத்த முதல் ஆசிரியை நம்மில் பலருக்கும் தாயாகவோ பாட்டியாகவோதான் இருந்திருப்பார். ஆனால் படிப்பை நிறுத்துவதற்கு வீட்டுக் கல்வி என்று பெயர் சூட்டுவது, பிள்ளையையும் ஏமாற்றி நம்மையும் ஏமாற்றிக்கொள்வதாகும். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் மறந்துவிட முடியாது.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்வது நல்லது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. மார்க்கக் கல்வியை முதன்மையாக வழங்கும் மதரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2012இல் திருத்தம் வந்தது. அந்த விலக்கு நிறுவனத்துக்கு உரியது. பிள்ளையின் அறிவுப் பசிக்கு விலக்கு ஏதும் இல்லை. பள்ளிக்குச் செல்ல இயலாத நிலை மெய்யாகவே இருந்தால், 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். மதரஸாவில் ஓதும் மாணவர்க்கும் அவ்வழி திறந்தே உள்ளது.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் செல்ல இயலாத பிள்ளைக்கும் வீடு செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. பாடநூலில் படித்ததைக் கண்ணால் காணச் செய்வதும், கண்டதைப் பற்றிச் சிந்திக்கச் செய்வதுமே அப்பணி. பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்குமாறு குர்ஆன் (29:20) நம்மை அழைக்கிறது. இறக்கைகளை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்றும் (67:19) கேட்கிறது. இவ்வசனங்களை மனனம் செய்விக்கும் நாம், பிள்ளையை ஏரிக்கரைக்கு ஒருமுறையேனும் அழைத்துச் சென்றிருக்கிறோமா?

தொலைக்காட்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். அப்பெட்டியை வீட்டைவிட்டு அகற்றுங்கள் என்று ஜுமுஆ மேடையிலிருந்து பேசியவர்களில் நாமும் ஒருவர். 2020 மார்ச்சில் பள்ளிகளும் மக்தபுகளும் ஒருசேர மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1ஆம் தேதியில்தான். அந்நாள்களில், கைப்பேசி வாங்க வசதியில்லாத கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கொண்டுவந்தது, 2019 ஆகஸ்டு 26இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியே. வகுப்புவாரியாகக் கால அட்டவணை வைத்து அது பாடம் நடத்தியது. கருவியில் குற்றமில்லை, அதில் எதைப் பார்க்கிறோம், எவ்வாறு பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது என்று அப்போது உணர்ந்தோம். முன்னர்ப் பேசியதைத் திருத்திக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

நம் நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி, வேளாண்மை, சுகாதார நிகழ்ச்சிகளை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் கொண்டுசேர்த்தது. ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டி. அதன்முன் ஊரார் கூடி அமர்ந்து பார்த்தனர். இன்று நம் இல்லங்களில் பிள்ளை தனியே ஒரு மூலையில் திரையோடு ஒதுங்கிவிடுகிறது. உடன் அமர்ந்து பார்க்கும் தாய் கேட்கும் ஒரு கேள்வி, அரைமணி நேர ஒளிபரப்பைவிட ஆழமாகப் பதியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். உத்திரமேரூரில் வாழும் நாம், உலகம் தேடிவந்து படிக்கும் ஒரு பாடத்தின் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறை அவற்றில் விரிவாகப் பேசப்படுகிறது. வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பர். ஏரியைப் பேண 6 பேர் கொண்ட ஏரி வாரியம் தனியே அமைந்திருந்தது.

"கோயில் வளாகத்துக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?" என்று சிலர் தயங்குகின்றனர். வணக்க வழிபாடு வேறு, வரலாற்றை வாசிப்பது வேறு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அக்கல்வெட்டுகளைக் காலணி கழற்றி, அமைதியாக, பிற சமயத்தாரின் உணர்வுக்கு மதிப்பளித்துப் படித்துவிட்டு வருவதால் ஈமானுக்குக் குறை நேராது என்பதே நம் கருத்து. நம் முன்னோரும் இம்மண்ணிலேயே வாழ்ந்து மறைந்தனர். இவ்வூரின் வரலாறு நமக்கும் உரியது. அமானத்தில் மோசடி செய்யாதே என்று மக்தபில் கற்பிக்கும் பாடத்தையும், கணக்குக் காட்டாதவனை விலக்கு என்னும் கல்வெட்டையும் ஒருசேரப் படிக்கும் பிள்ளை, நாளை ஜமாஅத் நிர்வாகத்துக்கு வந்தாலும் ஊராட்சிக்கு வந்தாலும் கணக்கை ஒளிக்கக் கூசும்.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அச்சபையில் நிலமுடைய பிராமண ஆண்களுக்கே இடமிருந்தது. சென்ற முறை மக்தப் பிள்ளைகளோடு அங்கு நின்றபோது ஒரு சிறுமி, "குடத்தில் ஒரு பெண் பெயர்கூடப் போடவில்லையா?" என்று கேட்டாள். பரணில் கிடந்த புத்தகப் பைதான் நம் நினைவுக்கு வந்தது.

அடுத்த பயணத்துக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது அது செங்கல்பட்டுக்குப் போனாலும், நமக்கு ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவுதான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் உழவர்கள், அரசு சரணாலயம் அமைப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்துவந்தனர். 2022இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் மிகுந்திருக்கும்.

செலவை எண்ணி அஞ்ச வேண்டாம். மாதத்துக்கு ஒரு பயணம் போதும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. கட்டுச்சோறு வீட்டிலிருந்தே வரும். புறப்படுவதற்கு முந்திய வாரம் அப்பொருள் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைக் குடும்பத்தோடு பாருங்கள். சென்ற இடத்தில் பிள்ளையைக் கேள்வி கேட்க விடுங்கள். விடை தெரியாவிட்டால், "தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். திரும்பியபின் ஒரு பக்கமேனும் எழுதச் செய்து, அதைத் தந்தையும் படியுங்கள். மகனை மட்டும் அழைத்துச் சென்று மகளை வீட்டில் விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தந்தையிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தாமதமாகவேனும் நேரில் சென்று கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. இந்த ஜூன் மாதம் மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார். அவளுக்கு ஓராண்டு வீணானது. அதில் நமக்கும் பங்குண்டு. இன்னொரு வீட்டுப் பரணில் இன்னொரு பை ஏறாமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள இல்மை வழங்குவானாக, ஆமீன்.