கூடிக் கட்டுவோம் வானூர்தி



பள்ளிக் கண்காட்சிகளில் மேசைமேல் அடுக்கப்பட்டிருக்கும் கைவினைப் பொருள்களைக் காணும்பொழுதெல்லாம் ஆசிரியர்களாகிய நமக்கு ஓர் உண்மை தெரிந்துவிடுகிறது. சில படைப்புகள் மாணவரின் கைவண்ணம். பல படைப்புகள் தந்தையின் கைவண்ணம். “இதை எப்படி ஒட்டினாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளை விழிக்கும். பரிசு வாங்கும் ஆர்வத்தில் பிள்ளையின் உழைப்பைப் பெற்றோரே பறித்துக்கொள்ளும் இந்த வழக்கம் வருந்தத்தக்கது. இதற்கு மாற்றாக ஒரு பொழுதுபோக்கை இங்கே முன்மொழிய விரும்புகின்றேன். மாதிரி வானூர்திக் கலைஞர்கள் உலகெங்கும் நடத்திவரும் கூட்டுக் கட்டுமானம்தான் அது.

கூட்டுக் கட்டுமானம் என்றால் என்ன?

ஒரு கருப்பொருளை முதலில் முடிவு செய்வார்கள். தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும் குறிக்கப்படும். ஒவ்வொருவரும் அக்கருப்பொருளுக்கு ஏற்ற ஒரு வானூர்தியைத் தேர்ந்து தாமே கட்டுவார். ஆனால், தனியே ஒளித்துவைத்துக் கட்டுவதில்லை. விமானி அறை முடிந்ததும், இறக்கை பொருந்தியதும், வண்ணம் பூசியதும் என ஒவ்வொரு படியையும் மற்றவர்க்குக் காட்ட வேண்டும். இடுக்கு விழுந்தால் எப்படி அடைப்பது என்று தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பார். குறித்த நாளுக்குள் முடிப்பதே இங்குப் பெருமை. பாதியில் நிற்கும் பணியைப் படிப்படியாக எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதால், தந்தை இரவோடிரவாகச் செய்துகொடுக்க வழியில்லை!

ஏன் பெரிய அளவு?

இக்கலையில் 1/72, 1/48, 1/32 ஆகிய அளவுகள் பெருவழக்கு. இவற்றுள் 1/32 பெரிய அளவாகக் கருதப்படுகிறது. 11.23 மீட்டர் இறக்கை அகலமுள்ள ஸ்பிட்ஃபயர் இவ்வளவில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் ஆகிறது. நம் நாட்டின் சுகோய் 30 போர் வானூர்தியின் நீளம் ஏறக்குறைய 22 மீட்டர். மாதிரியிலோ 68 சென்டிமீட்டருக்கு மேல் வரும். விகிதம், பின்னம், மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றுதல் ஆகிய மூன்றும் இந்த ஒரு கணக்கிலேயே அடங்கிவிடுகின்றன. மேலும், பெரிய மாதிரியில் குற்றம் மறையாது. பசை வழிந்ததும் மணல்தாள் தேய்க்காத விளிம்பும் கண்ணில் பட்டுவிடும். பொறுமையைப் பழக்க இதைவிட நல்ல ஆசான் வேண்டுமா?

நம் வானமே கருப்பொருள்

கருப்பொருளுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்சிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுங்கை பீசியில், 1965-இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும்வரை கோலாலம்பூரின் விமான நிலையம் இயங்கிவந்தது. பின்னர் ஆகாயப் படைத் தளமாகத் தொடர்ந்து 2018-இல் மூடப்பட்டது. 1941 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் 453-ஆம் அணி, பஃபலோ வானூர்திகளோடு அங்கிருந்துதான் எழுந்து சப்பானியரின் ஹயபூசா வானூர்திகளை எதிர்த்தது. 1958-இல் அரச மலாயா ஆகாயப் படை தொடங்கப்பட்டபொழுது அதன் முதல் வானூர்தி ட்வின் பயனியர். 1995-இல் வந்துசேர்ந்த 18 மிக் 29 வானூர்திகள், 2007 முதல் 2009 வரை வந்த 18 சுகோய் 30 வானூர்திகள் என வரலாறு நீள்கிறது. ‘கோலாலம்பூர் வானில் பறந்தவை’ என்று தலைப்பிட்டால், தாத்தா பாட்டியிடம் சப்பானியர் காலத்துக் கதை கேட்கவும் பிள்ளைகளுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

முன்னோடிகள் உண்டு

இது வெறும் விளையாட்டு என எண்ண வேண்டா. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, தன் வீரர்கள் வானூர்திகளை இனங்காணப் பழகுவதற்காக, பள்ளி மாணவர்களிடம் 5 இலட்சம் மர மாதிரிகளைச் செய்து தரக் கேட்டது. 1/72 அளவு மாதிரியை 11 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், ஏறத்தாழ 800 மீட்டர் தொலைவில் உண்மை வானூர்தியைக் காண்பது போலிருக்கும். மாணவர்களின் கைவேலை நாட்டுக்கே பயன்பட்டது.

நம்மவர் சான்றும் உண்டு. அப்துல் கலாம் சென்னைக் குரோம்பேட்டையில் வானூர்திப் பொறியியல் பயின்றபொழுது, நான்கு தோழர்களுடன் சேர்ந்து ஒரு தாக்குதல் வானூர்தியை வடிவமைக்கும் பணி அளிக்கப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பு அவர் பங்கு. மற்றப் பகுதிகள் தோழர்களின் பங்கு. பணி மந்தமாக இருக்கக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், அவர் ஒரு மாதம் தவணை கேட்க, மூன்றே நாள் கொடுத்தார். கலாம் முடித்துக் காட்டினார். கூட்டுப் பொறுப்பும் கெடுவும் ஒருவரை எப்படி உருவாக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எழும் தடைகள்

முதல் தடை பணம். 1/32 பெட்டிகள் பல, சில நூறு ரிங்கிட் விலையுள்ளவை. தோட்டப்புறத்திலிருந்து பெயர்ந்துவந்த கிள்ளான் குடும்பம் ஒன்றிடம் அதைக் கேட்பது அறமாகாது. எனவே, ஐந்து மாணவர்க்கு ஒரு பெட்டி எனப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தரலாம். பழைய அட்டைப் பெட்டிகளே போதும் என்றாலும் தவறில்லை. ட்வின் பயனியரின் இறக்கை 1/32 அளவில் ஏறத்தாழ 73 சென்டிமீட்டர். அட்டையிலும் மூங்கில் குச்சியிலும் அதை அழகாகச் செய்யலாம்.

இரண்டாவது, போர்க்கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்பது. நியாயமான கேள்வி. ஒவ்வொரு மாதிரியின் அருகிலும் அந்த வானூர்தி யாரைக் காத்தது, யாரை அழித்தது என இரண்டையும் மாணவர் தமிழில் எழுதி வைக்கட்டும். போரின் விலையை மறைத்துவிட்டுக் கற்பிக்கும் வரலாறு வரலாறாகாது.

மூன்றாவது, நேரம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. வகுப்புசார் மதிப்பீடு வந்த பின்னரும் மாலை முழுவதும் பிரத்தியேக வகுப்பிலேயே பிள்ளையை அமர்த்துவது பழைய அச்சத்தின் தொடர்ச்சிதான். வாரத்திற்கு ஒரு மணிநேரம், பத்து வாரம், இவ்வளவே கேட்கிறேன்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுத்தல் கூடாது. நெகிழிப் பசையும் தெளிப்பு வண்ணமும் காற்றோட்டமுள்ள இடத்தில்தான். கத்தியை ஆசிரியரே கையாளட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒட்டிய இறக்கை கோணலாக இருக்கலாம். அதைத் திருத்தக் கை பரபரக்கும். அருள்கூர்ந்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் தொடர்வண்டிக் குடியிருப்பிலும் கிள்ளான் துறைமுகத்திலும் வாழ்ந்த நம் முன்னோர் பலர், தம் கைத்திறனால் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள். அந்தக் கைத்திறனைப் பிள்ளை தன் கையால் செய்து, பிழைத்து, மீண்டும் செய்துதான் பெற முடியும். கோணல் இறக்கையோடு முடிக்கப்பட்ட ஒரு வானூர்தி, தந்தை செய்துகொடுத்த பரிசுக் கோப்பையைவிட மேலானது.

வரும் பள்ளித் தவணையில் ஒரு பள்ளியேனும் தொடங்கட்டும். சிந்திப்போம், செயல்படுவோம்.